போர்ட்டபிள் டைப்ரைட்டர்: உயரத்தைக் குறைக்கக் கொடுத்த விலை

கோபிசெட்டிபாளையத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. வால்பாறை எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்த அவருடைய தாத்தாவின் சாமான்களுக்குள் ஒரு ஹெர்மீஸ் பேபி டைப்ரைட்டர் கிடைத்திருக்கிறது. மூடியோடு சேர்த்துத் தூக்கினாலும் 4 கிலோவைத் தாண்டவில்லையாம். தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டில் லோயர் என்ற முதல் நிலை படிக்கும்போது இந்தத் தம்பி அடித்துப் பழகிய மெஷினையோ இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன, மிச்ச எடை எங்கே போனது என்பது முதல் கேள்வி. பேபியில் ஷிப்ட் அடித்தால் சுண்டுவிரல் ஏன் இப்படிக் கடுக்கிறது என்பது இரண்டாவது. மூன்றாவது, காகிதத்தைச் சுமக்கும் கேரேஜ் நகரவே மாட்டேன் என்கிறது, எழுத்து மேல் எழுத்தாக ஒரே இடத்தில் விழுகிறது, எண்ணெய் விட்டால் சரியாகிவிடுமா என்பது.

தம்பி, எண்ணெய்க் குப்பியை மட்டும் இப்போதைக்கு எடுக்காதீர்கள். ஏன் என்பது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் தானாகப் புரியும்.

எடையைக் குறைப்பது அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. வார்ப்பிரும்புச் சட்டத்தை எடுத்துவிட்டுத் தகட்டை மடித்துப் போட்டால் பாதி எடை போய்விடும். கோவை பீளமேட்டில் எந்தப் பட்டறையில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். போர்ட்டபிளை வடிவமைத்தவர்களைப் படாதபாடு படுத்தியது உயரம். பெரிய மெஷினைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். அடியில் விசைகளின் நீண்ட கம்பிகள். அதற்கு மேல் அந்த அசைவை மாற்றிக் கொடுக்கும் இணைப்புகள். அதற்கு மேல், தலையில் எழுத்து பொறித்த டைப் பார்கள் படுத்திருக்கும் கூடை. எல்லாவற்றுக்கும் மேலே காகிதம் சுற்றும் ரோலரும் அதைத் தாங்கும் கேரேஜும். ஷிப்ட் அடித்தால் ஏதோ ஒன்று மேலேயோ கீழேயோ போக வேண்டும், அதற்கும் இடம் விட வேண்டும். இத்தனையையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு சாண் கிட்டத்தில் வந்து நிற்கும். பேபியில் இதே அடுக்கு 6, 7 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. அந்த மெஷினின் ஒவ்வொரு குணமும், நல்லதோ கெட்டதோ, இந்த ஒரு முடிவில் இருந்து பிறந்ததுதான்.

உயரத்தை நிர்ணயிப்பது டைப் பாரின் நீளம். பார் படுத்த நிலையில் இருந்து எழும்பிப் போய் ரோலரில் அடிக்கிறது, ஏறத்தாழ கால் வட்டம். ஆக, ரோலரில் எழுத்து விழும் இடம், பார் சுழலும் அச்சில் இருந்து அந்தப் பாரின் நீளத்துக்கு எட்டத்தில் இருந்தே தீர வேண்டும். உயரம் குறைய வேண்டுமா, பாரைக் குட்டையாக்கு, கொஞ்சம் சாய்த்தும் வை. குட்டையாக்கினால் என்ன ஆகும்? 40க்கு மேற்பட்ட பார்களும் ஒரே பிறைவடிவத் துண்டில், செக்மெண்ட் என்பார்கள், வரிசையாக வெட்டிய காடிகளில் உட்கார்ந்திருக்கின்றன. பார் குட்டையானால் அந்தப் பிறையின் ஆரமும் சின்னதாகும். அதே 40 சொச்சம் காடிகளைச் சின்ன வளைவுக்குள் வெட்ட வேண்டும். காடி ஒடுங்கும், காடிக்கும் காடிக்கும் நடுவில் இருக்கும் சுவர் மெலியும், பாரும் மெலியும். பெரிய மெஷினில் பொருட்படுத்தாத ஒரு தூசு இங்கே பாரை நிறுத்திவிடும். எண்ணெய்க் கேள்விக்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது.

இந்த உயரத்தோடு மல்லுக்கட்டியவர்கள் பலர், ஒவ்வொருவரும் ஒரு வழி பிடித்தார்கள். 1912இல் வந்த கொரோனா 3 கேரேஜையே மடித்து விசைகளின் மேல் சாய்த்துவிட்டது. விசை வரிசையும் மூன்றுதான். 28 விசை, ஒவ்வொரு பாரின் தலையிலும் மூன்று எழுத்து, ஆக 84. பெரிய எழுத்துக்கு ஒரு ஷிப்ட், எண்களுக்கு இன்னொரு ஷிப்ட். கட்டுரைக்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும் அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஆனால் ஆபீஸ் மெஷினில் பழகிய கை அதில் தடுமாறும். 1920இல் ரெமிங்டன் போர்ட்டபிள் நாலு வரிசையையும் அப்படியே வைத்துக்கொண்டு வேறு மாதிரி யோசித்தது. பெட்டிக்குள் இருக்கும்போது டைப் பார்கள் தட்டையாகப் படுத்திருக்கும். அடிக்க உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு நெம்புகோலை இழுக்க வேண்டும், பார்கள் மொத்தமாக எழும்பி அடிக்கும் நிலைக்கு வரும். இரண்டும் கெட்டிக்கார வழிகள்தான். ஆனால் மடிப்பும் எழுப்பலும் கூடுதல் மூட்டுகள். மூட்டு இருக்கும் இடத்தில் தேய்மானம் வரும், தேய்மானம் வந்தால் எழுத்து வரிசை கோணும்.

1935இல் சுவிட்சர்லாந்தின் இவெர்டோன் ஊரில் இருந்த பையார் நிறுவனம் ஹெர்மீஸ் பேபியைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் ஜுசெப்பே பிரெசியோசோ. இதில் மடிப்பும் கிடையாது, எழுப்பும் நெம்புகோலும் கிடையாது. எல்லாவற்றையும் குட்டையாக்கி, மெலிதாக்கி, தட்டையாக ஒரு தகட்டின் மேல் பரப்பி, மேலே ஒரு தகட்டு மூடியைப் போட்டுக் கவ்வ வைத்தார்கள், அவ்வளவுதான். என் கணிப்பில் போர்ட்டபிள்களிலேயே துணிச்சலான வடிவமைப்பு இதுதான். எதைச் சேர்ப்பது என்று யோசிக்காமல் எதையெல்லாம் விட்டுவிட்டாலும் எழுத்து நேராக விழும் என்று யோசித்திருக்கிறார்கள். உங்கள் தாத்தாவைப் போல எஸ்டேட் டிவிஷன் டிவிஷனாக அலைந்தவர்களுக்கு இதைவிடத் தோதான மெஷின் இருந்திருக்க முடியாது.

இப்போது ஒரு எழுத்து எப்படி விழுகிறது என்று பார்க்கலாம். விசையைத் தட்டினால் அதன் கம்பி பின்னால் உள்ள அச்சில் சுழன்று இறங்குகிறது. அது ஒரு இணைப்பை இழுக்க, இணைப்பு டைப் பாரின் குதிகாலை இழுக்க, பாரின் தலை மேலே பறக்கிறது. விசை இறங்குவது ஒன்றரை சென்டிமீட்டர் என்று வையுங்கள். பாரின் நீளம் 7 சென்டிமீட்டர் என்றால் கால் வட்டம் 11 சென்டிமீட்டர். அதாவது உங்கள் விரல் போன தூரத்தைப் போல ஏழு மடங்கு எழுத்து பறக்கிறது. இந்த ஏழு மடங்கும் சீராக வருவதில்லை. தொடக்கத்தில் விரலுக்கு லேசாக இருக்க வேண்டும், கடைசியில் பார் வேகமெடுக்க வேண்டும். அதற்காக இணைப்புகளின் கோணத்தை அப்படி அமைத்திருப்பார்கள். நாலு வரிசை விசைகளுக்கும் கம்பியின் நீளம் வேறு வேறு. ஆனால் விரலுக்கு நாலும் ஒரே மாதிரி படவேண்டும். அதனால் இணைப்பு மாட்டும் இடத்தை ஒவ்வொரு வரிசைக்கும் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். பெரிய மெஷினில் கம்பிகள் நீளமாக இருப்பதால் இந்தச் சரிக்கட்டல் சுலபம். பேபியில் கம்பி குட்டை, எனவே வரிசைக்கு வரிசை கொஞ்சம் வித்தியாசம் விரலுக்குத் தெரியத்தான் செய்யும். அது பழுதில்லை, அந்த மெஷினின் இயல்பு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. விசை அடிமட்டம் போய் நின்ற பிறகும் பார் நிற்பதில்லை. கடைசித் துளி தூரத்தை அது தன் வேகத்திலேயே கடக்கிறது. செக்மெண்டின் விளிம்பில் ஒரு வளைவான தடுப்பு இருக்கிறது, பாரின் தண்டு அதில் போய் முட்டும். முட்டிய நிலையில் கையால் பிடித்து வைத்துப் பார்த்தால், எழுத்துக்கும் ரோலருக்கும் நடுவில் ஒரு காகிதத்தின் கனம் இடைவெளி இருக்கும். அடிக்கும் வேகத்தில் தண்டு அந்தத் தடுப்பில் முட்டி லேசாக வளைய, எழுத்து அந்தக் காகிதக் கனத்தைத் தாண்டி ரிப்பனை முத்தமிட்டுவிட்டுத் திரும்புகிறது. இந்த இடைவெளி கூடினால் எழுத்து மங்கும். குறைந்தால் காகிதத்தில் ஓட்டை விழும். மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு விஷயம் இது. எதையும் அழுத்திப் பிடித்து அடிக்காமல் தட்டிவிட்டு எடுக்க வேண்டும் என்று இன்ஸ்டிட்யூட்டில் அக்காமார் சொல்லிக்கொடுப்பதன் காரணமும் இதுதான்.

பார்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இரண்டு ஒன்று போல இருக்காது. நடுவில் இருப்பவை நேராக எழும்பும். ஓரத்தில் இருப்பவை சாய்ந்து வரும். சாய்ந்து வந்தாலும் எழுத்து நிமிர்ந்து விழ வேண்டும் என்பதற்காக, ஓரத்துப் பார்களின் தலையில் எழுத்துக் கட்டையை அதற்கு ஈடான கோணத்தில் திருப்பிப் பற்றவைத்திருப்பார்கள். 40க்கு மேற்பட்ட பார், அத்தனைக்கும் தனித்தனிக் கோணம். அதனால்தான் ஒரு பாரை வேறு இடத்தில் மாட்ட முடியாது, கழற்றினால் வரிசை மாறாமல் வைக்க வேண்டும் என்கிறார்கள்.

அடுத்து கேரேஜ். எழுத்து விழுந்ததும் அது சரியாக ஒரு எழுத்து அகலம் மட்டும் இடப்பக்கம் நகர வேண்டும். பெரிய எழுத்து அளவான பைக்காவில் ஒரு அங்குலத்துக்கு 10 எழுத்து, அதாவது 2.54 மில்லிமீட்டர். சின்ன அளவான எலைட்டில் அங்குலத்துக்கு 12, அதாவது 2.12 மில்லிமீட்டர். கேரேஜை எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருப்பது ஒரு சுருள்வில். ஒரு சின்ன உருளைக்குள் சுருட்டி வைத்திருக்கும், அதில் இருந்து ஒரு நாடா கேரேஜின் ஓரத்துக்குப் போகும். அந்த இழுப்பைப் பிடித்து நிறுத்தி, எழுத்துக்கு ஒரு அடி மட்டும் விடுவதுதான் எஸ்கேப்மெண்ட். சோமனூர், பல்லடம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்வது சுலபம். விசைத்தறியில் ஒவ்வொரு ஊடை இழை ஓடி முடிந்ததும் துணி சுருளும் பக்கத்துப் பல்சக்கரம் ஒரு பல் மட்டும் நகர்ந்து நிற்கிறதே, அதே தத்துவம். ஆனால் தறியில் சக்கரத்தைத் தள்ளுகிறோம். இங்கே சக்கரம் ஓடத் துடித்துக்கொண்டே இருக்கிறது, நாம் அதைப் பிடித்துப் பிடித்து விடுகிறோம்.

பிடிப்பதற்கு இரண்டு நாக்குகள். ஒன்று அசையாத நாக்கு, மற்றது சற்றே ஆடும் நாக்கு. ஓய்வு நிலையில் ஆடும் நாக்கு சக்கரத்தின் பல்லைப் பிடித்திருக்கிறது. டைப் பார் ரோலரை நெருங்கும்போது அதன் குதிகால், செக்மெண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு வளைந்த தகட்டைத் தள்ளும். எந்தப் பார் எழும்பினாலும் அந்த ஒரே தகடுதான் தள்ளப்படுகிறது, அதனால் அதற்கு யுனிவர்சல் பார் என்று பெயர். தகடு நகர்ந்ததும் ஆடும் நாக்கு விலகும், அதே கணத்தில் அசையாத நாக்கு உள்ளே வந்து பல்லைப் பிடித்துக்கொள்ளும். விடுபட்ட ஆடும் நாக்கு தன் சின்ன ஸ்பிரிங்கின் இழுப்பில் அடுத்த பல்லுக்கு எதிரே போய்க் காத்திருக்கும். விசையில் இருந்து விரலை எடுத்ததும் அசையாத நாக்கு விலகுகிறது, சக்கரம் ஒரு பல் ஓடி ஆடும் நாக்கில் முட்டி நிற்கிறது. ஆக, கேரேஜ் நகர்வதன் பெரும்பகுதி நீங்கள் விசையை அழுத்தும்போது நடப்பதில்லை, விரலை எடுக்கும்போது நடக்கிறது. எழுத்து விழும் கணத்தில் காகிதம் அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

வேகத்தையும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லோயர் பரீட்சைக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஒரு வார்த்தைக்கு 5 தட்டு என்ற கணக்கில் ஹையர் என்பது நிமிடத்துக்கு 225 தட்டு. ஒரு தட்டுக்குக் கால் நொடிக்குச் சற்று அதிகம். அந்த நேரத்துக்குள் பார் எழும்பி, அடித்து, விழுந்து, கேரேஜ் நகர்ந்து, ஆட்டம் அடங்கி நின்றாக வேண்டும். பேபியின் கேரேஜ் லேசானது, அதனால் சீக்கிரம் நிற்கும். ஆனால் சட்டமும் லேசானது. கேரேஜ் நிற்கும் அதிர்ச்சியில் மெஷினே மேசையில் நகரும். நாலாக மடித்த பவானி ஜமக்காளத்தை அடியில் போட்டு அடித்துப் பாருங்கள். நகர்வதும் நிற்கும், அடிப்பாகத்துத் தகடு எழுப்பும் சத்தமும் பாதியாகும்.

சுண்டுவிரல் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பாரின் தலையிலும் இரண்டு எழுத்து, மேலே பெரியது, கீழே சின்னது. பெரிய எழுத்து வேண்டுமானால் இரண்டில் ஒன்று செய்யலாம்: ரோலரை மேலே தூக்கு, அல்லது பார்கள் உட்கார்ந்திருக்கும் கூடையைக் கீழே இறக்கு. கூடையை இறக்குவது கைக்குச் சுகம், ஏனென்றால் புவியீர்ப்பு உங்கள் பக்கம். ஆனால் கூடை இறங்கக் கீழே இடம் வேண்டும், கூடை எங்கே நின்றாலும் விசை இணைப்புகள் அறுபடாமல் வேலை செய்ய வேண்டும். உயரத்துக்காக உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்த பேபிக்கு அந்த இடம் இல்லை. எனவே கேரேஜைத் தூக்குகிறது. அந்த எடையை ஒரு ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் ரோலரையும் அதோடு வரும் சட்டத்தையும் தூக்குவது உங்கள் சுண்டுவிரல்தான். ஸ்பிரிங் வருஷக்கணக்கில் தளர்ந்திருந்தால் சுமை இன்னும் கூடும். 1950இல் வந்த ஒலிவெட்டி லெட்டெரா 22 கூடையை இறக்கும் வழியை எடுத்துக்கொண்டது. மார்செல்லோ நிட்சோலி உருவம் கொடுக்க, ஜுசெப்பே பெச்சியோ எந்திரப் பகுதியை வடிவமைத்தார். அது பேபியைவிடக் கொஞ்சம் உயரம், ஆனால் ஷிப்ட் பட்டுப் போல இருக்கும். நாள் முழுக்க அடிக்கிறவருக்கு நான் லெட்டெராவைத்தான் சொல்வேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு பேபி.

ஆங்கிலத்தில் அடிப்பவர் பேபியின் ஷிப்டைப் பொறுத்துக்கொள்ளலாம், வாக்கியத்துக்கு ஒன்றோ இரண்டோ பெரிய எழுத்து. தமிழில் அப்படி இல்லை. தமிழ்த் தட்டச்சில் க விசையில் ஷிப்ட் போட்டால் கு, ட விசையில் டு, ம விசையில் மு, ர விசையில் ரு. ‘எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று அடித்துப் பாருங்கள், நாலு வார்த்தையில் குறைந்தது நாலு தடவை ஷிப்ட். கேரேஜைத் தூக்கும் மெஷினில் தமிழ் அடிக்கிறவரின் சுண்டுவிரல் படும் பாடு ஆங்கிலக்காரருக்குத் தெரியவே தெரியாது. தமிழ் மெஷின் வாங்க யோசிக்கிறவர்கள் முதலில் ஷிப்ட் எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

தமிழ்ப் பேச்சை எடுத்ததால் இன்னொன்று. 247 எழுத்தை 40 சொச்சம் விசைக்குள் கொண்டுவந்ததில் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் வாழ்ந்த ஆர். முத்தையாவின் உழைப்பு பெரிது. அவருடைய அமைப்பில் மெஷின் செய்து கொடுத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமன். எரிகா என்ற புகழ்பெற்ற போர்ட்டபிளைச் செய்த அதே நிறுவனம். அவர் கையாண்ட வழி நகரா விசை. புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும் இந்த விசைகளில் இருக்கும். இவற்றைத் தட்டினால் குறி விழும், கேரேஜ் நகராது. அடுத்து க, த போன்ற எழுத்தைத் தட்டினால் அது குறிக்கு அடியிலேயே விழுந்து, அப்புறம் கேரேஜ் நகரும். அதனால்தான் மெஷினில் க் என்று அடிக்கப் புள்ளியை முதலில் தட்டி, கவை அடுத்துத் தட்டுகிறோம். எந்திரத்தில் இதற்குச் செய்திருப்பது வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. நகரா விசையின் டைப் பாரில் குதிகாலை மட்டும் கொஞ்சம் வெட்டி எடுத்திருப்பார்கள். குதிகால் இல்லாததால் அது யுனிவர்சல் தகட்டைத் தொடாது, தகடு நகராவிட்டால் எஸ்கேப்மெண்டும் அசையாது. புதிதாக ஒரு உறுப்பையும் சேர்க்கவில்லை, இருந்ததில் ஒரு துணுக்கு உலோகத்தை அரம் போட்டு எடுத்ததோடு சரி. ஒரு மொழியின் எழுத்து முறையையே அந்த ஒரு வெட்டில் அடக்கியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

இனி உங்கள் மெஷினின் பழுது. இதுவரை சொன்னதை வைத்து நீங்களே கண்டுபிடித்துவிடலாம். முதலில் கேரேஜ் பூட்டைப் பாருங்கள். பெட்டியில் போகும்போது ஆடாமல் இருக்கப் போர்ட்டபிள்களில் ஒரு பூட்டு வைத்திருப்பார்கள், பல பேர் அதை விடுவிக்காமலேயே மெஷின் செத்துவிட்டது என்று நினைப்பார்கள். கோளாறு பூட்டில் இல்லை என்றால், கேரேஜை வலப்பக்கம் கையால் தள்ளிவிட்டு, பிடியை விடாமல் கொஞ்சம் தளர்த்துங்கள். இடப்பக்கம் இழுக்கிற உணர்வே இல்லையென்றால் நாடா அறுந்திருக்கும் அல்லது கொக்கியில் இருந்து கழன்றிருக்கும். இழுப்பு இருக்கிறது, ஆனால் தட்டினால் நகரவில்லை என்றால் ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பாருங்கள். ஸ்பேஸ் பார் டைப் பார்களைத் தொடாமல் நேராக எஸ்கேப்மெண்டைத் தட்டுகிறது. அதற்கு நகர்ந்து, எழுத்துக்கு நகராவிட்டால் கோளாறு யுனிவர்சல் தகட்டில். இரண்டுக்கும் நகராவிட்டால் நாக்குகள் பிசினேறி ஒட்டியிருக்கின்றன. சில எழுத்துகளுக்கு மட்டும் நகரவில்லை என்றால் அந்தப் பார்கள் முழுத் தூரம் போகவில்லை, காடியைச் சுத்தம் செய்தால் போதும்.

வால்பாறையில் இருந்த மெஷின் என்பதால் நாடாவும் துருவும்தான் என் முதல் சந்தேகம். மழைக்குப் பேர்போன சின்னக்கல்லாறு இருக்கும் மலை அது, அந்த ஈரத்தில் பருத்தி நாடா மக்கிப்போகும். மெல்லிய ஸ்பிரிங்குகள் துருப்பிடித்துத் தொட்டால் ஒடியும், அதனால் எதையும் கொறடு போட்டு இழுக்காதீர்கள். நாடாவுக்குப் பதில் மெல்லிய, நீளாத கயிறு எதுவானாலும் சரி. தூண்டில் நரம்பு நன்றாக வேலை செய்யும். புது நாடாவை மாட்டும் முன் சுருள்வில் உருளையை மூன்று நான்கு சுற்று முறுக்க வேண்டும். முறுக்கும்போது உருளையைக் கையில் இருந்து நழுவவிட்டால் சுருள் ஒரே வீச்சில் அவிழும், விரலையும் பதம் பார்க்கும், உள்ளே கொக்கியையும் ஒடிக்கும். ஒரு குச்சியைச் செருகி நிறுத்தி வைத்துக்கொண்டு செய்யுங்கள். கேரேஜ் இடக்கோடி வரை போன பிறகும் லேசான இழுப்பு மிஞ்சினால் முறுக்கு சரி. அதற்கு மேல் முறுக்கினால் எழுத்துத் தாவும்.

எண்ணெய்க்கு வருகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு எங்கே போனாலும் காற்றில் பஞ்சு இருக்கும், வீட்டில் தையல் மெஷின் எண்ணெயும் இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து கெடுத்த டைப்ரைட்டர்கள்தான் நம் பக்கம் அதிகம். பார் ஒட்டுகிறது என்று செக்மெண்டில் எண்ணெய் விடுவார்கள், அன்றைக்குப் பிரமாதமாக ஓடும். ஒரு மாதத்தில் பஞ்சும் ரிப்பன் மையும் எண்ணெயில் ஊறிக் காடிகளுக்குள் பசையாக இறுகிவிடும். பேபியின் ஒடுங்கிய காடிகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். செக்மெண்ட் காய்ந்துதான் இருக்க வேண்டும். அதற்கு வேண்டியது கழுவல்: வாட்ச் ரிப்பேர்காரர்கள் வைத்திருக்கும் ஒயிட் பெட்ரோல், ஒரு பழைய பல் பிரஷ். அடுப்பு, சாமி விளக்கு, சிகரெட் எதுவும் அண்டாத திறந்த இடத்தில், பெயிண்ட் மேலும் விசைகளின் பிளாஸ்டிக் மேலும் படாமல், பிரஷை நனைத்துக் காடிகளின் போக்கிலேயே தேயுங்கள். ஒவ்வொரு பாரையும் கையால் தூக்கிவிட்டு, தன் எடையிலேயே விழுகிறதா என்று பாருங்கள். விழும்வரை கழுவி, காயவிடுங்கள். நாக்குகளுக்கும் இதே வைத்தியம். கழுவி முடித்த பிறகு கேரேஜ் ஓடும் தண்டவாளத்தில் ஊசி முனையால் தொட்ட அளவு எண்ணெய் தடவலாம். வேறெங்கும் வேண்டாம்.

மிச்சம் இருப்பது ரோலர். இத்தனை வருஷத்தில் ரப்பர் கல்லாகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் தெரியும். கல்லான ரோலரில் எழுத்து காகிதத்தைக் குத்தும், சத்தம் கூடும், நாளடைவில் எழுத்தின் முகமும் தேயும். இதற்கு நம் ஊரைவிட நல்ல இடம் கிடையாது. நூற்பாலைகளின் ரோலர்களுக்கு ரப்பர் உறை போட்டு, அளவு பார்த்துச் சாணை பிடிக்கும் பட்டறைகள் கோவையைச் சுற்றி இருக்கின்றன. அச்சகங்களின் ரோலருக்குப் போடுகிறவர்களும் செய்து கொடுக்க வாய்ப்புண்டு. அவர்களிடம் இரண்டு விஷயத்தைக் கறாராகச் சொல்லுங்கள். ஒன்று, முடிந்த விட்டம் பழைய ரோலரின் விட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். முன்னால் சொன்ன அந்த ஒரு காகித இடைவெளி ரோலரின் விட்டத்தைத்தான் நம்பியிருக்கிறது, அரை மில்லிமீட்டர் தவறினால் மொத்த மெஷினும் கெடும். பழைய ரப்பரை உரிக்கும் முன்பே, தேயாத ஓரப்பகுதியில் வெர்னியர் வைத்து அளந்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாவது, மில் ரோலருக்குப் போடும் மெத்தென்ற ரப்பர் இதற்கு ஆகாது, அதைவிட நன்றாகக் கெட்டியானது வேண்டும். அதுவரைக்கும் அடிக்கும் காகிதத்துக்குப் பின்னால் இன்னொரு காகிதம் வைத்து அடியுங்கள். எழுத்தின் முகத்துக்கு அது போதும்.

ரிப்பனுக்குப் பெரிய அலைச்சல் இல்லை. இன்ஸ்டிட்யூட் மெஷின்களுக்குப் போடும் அரை அங்குல ரிப்பனை வாங்கி, உங்கள் பழைய ஸ்பூலில் சுற்றிக்கொள்ளலாம். முழுதும் சுற்ற முயலாதீர்கள், சின்ன ஸ்பூல் ஆனதால் அது கொள்ளும் அளவோடு நிறுத்தி வெட்டிவிடுங்கள். மற்ற உதிரிகளுக்கு மட்டும் கோத்ரெஜ் மெஷினை நம்ப வேண்டாம். 1955இல் தொடங்கி 2009 வரை இங்கே தயாரான மெஷின் என்பதால் அதன் பாகங்கள் ரிப்பேர்காரர்களிடம் இன்னும் புரளும், ஆனால் அவை பெரிய மெஷினுக்கானவை, பேபிக்குள் எதுவும் சேராது. ஏதாவது ஒடிந்திருந்தால் ஒடிந்த துண்டைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். மாதிரி கையில் இருந்தால் தகட்டில் வெட்டிக் கொடுக்க ஆள் கிடைக்கும். கேரேஜ் இழுப்பு எப்படி இருக்கிறது, ஸ்பேஸ் பாருக்கு நகர்கிறதா என்ற இரண்டையும் மட்டும் பார்த்து எழுதுங்கள், அடுத்து எதைத் திறப்பது என்று சொல்கிறேன்.